மும்பையின் குழாய்த் தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையா?

மும்பையில் குடியேறும் நம் தமிழ்க் குடும்பங்கள் வீடு பிடித்த கையோடு வாங்கும் பொருட்களில் ஆர்.ஓ. இயந்திரமும் சேர்ந்துவிட்டது. இராமநாதபுரத்தின் உவர் கிணறுகளையும் சென்னையின் போர்வெல் தண்ணீரையும் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்றாலே ஓர் அச்சம் இருப்பதில் வியப்பில்லை. சுற்றிலும் கடல், தண்ணீர் உப்பாகத்தானே இருக்கும் என்பது அவர்களின் கணக்கு. மும்பைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பொருந்தாத கணக்கில் பணம் போவது ஒருபுறம் இருக்கட்டும். உண்மையில் எதற்கு அஞ்ச வேண்டுமோ அது கண்ணில் படாமலே போகிறதே என்பதுதான் என் கவலை.

ஏழு தீவுகளை ஒன்றாக இணைத்து உருவான ஊர் மும்பை. ஆனால் அதன் குடிநீர் கடலோரத்து நிலத்தடியிலிருந்து வருவதில்லை. பாட்சா, தான்சா, மோடக் சாகர், மேல் வைத்தரணா, மத்திய வைத்தரணா, விஹார், துளசி என்று ஏழு நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. கடைசி இரண்டு மட்டும் நகருக்குள், தேசியப் பூங்காவின் காட்டில் உள்ளன. விஹார் 1860லேயே கட்டி முடிக்கப்பட்டது. மற்றவை வெகு தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் பக்கம். நாளொன்றுக்குச் சுமார் 385 கோடி லிட்டர் தண்ணீர் இவற்றிலிருந்து சுத்திகரிக்கப்பட்டு நகருக்குள் வருகிறது.

இதெல்லாம் பருவமழைத் தண்ணீர். அந்த மலை எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கரும்பாறை. சுண்ணாம்புப் பாறையாக இருந்தால் மழைநீர் அதைக் கரைத்துக் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அள்ளிக்கொண்டு வரும். தண்ணீரின் கடினத்தன்மை என்று சொல்லப்படுவது அந்த இரண்டின் அளவைத்தான். மும்பையின் ஏரி நீரில் அது குறைவு. அதனால்தான் அங்கே சோப்பு நன்றாக நுரைக்கிறது, கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு அதிகம் சேருவதில்லை.

2019 நவம்பரில் மத்திய நுகர்வோர் துறை அமைச்சராக இருந்த ராம் விலாஸ் பாஸ்வான் ஓர் அறிக்கையை வெளியிட்டார். இந்தியத் தர நிர்ணய அமைவனம் டெல்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும் குழாய்த் தண்ணீரை எடுத்துச் சோதித்திருந்தது. எடுத்த பத்து மாதிரிகளும் எல்லா அளவுகோல்களிலும் தேறிய ஒரே நகரம் மும்பை. சென்னையின் பத்து மாதிரிகளும் தேறவில்லை. சென்னை தவறிய அளவுகோல்களில் கடினத்தன்மையும் ஒன்று. ஆக, சென்னைக்காரரின் அச்சம் சென்னையில் நியாயமானது. அதை அப்படியே ரயிலேற்றி மும்பைக்குக் கொண்டு வந்ததுதான் பிழை.

வீட்டுக்கு வரும் விற்பனையாளர் கையில் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். சிலர் இரண்டு உலோகக் கம்பிகளைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சியும் காட்டுவார்கள். சற்று நேரத்தில் தண்ணீர் பழுப்பாகிக் கசடு மிதக்கும். வீட்டுப் பெண்கள் பதறிவிடுவார்கள். அந்தக் கசடு தண்ணீரில் இருந்தது அல்ல, கம்பியின் இரும்பு கரைந்து வந்தது. தண்ணீரில் சிறிது உப்பு இருப்பதால் மின்சாரம் பாய்கிறது, இரும்பு கரைகிறது. ஆர்.ஓ. நீரில் உப்பு ஏறக்குறைய இல்லாததால் எதுவும் நடப்பதில்லை. இது வியாபாரத் தந்திரம் என்றே நான் சொல்வேன்.

மீட்டர் பொய் சொல்வதில்லை. கரைந்த உப்புகளின் அளவை மட்டும் அது காட்டும், அதற்கு மேல் எதுவும் அதற்குத் தெரியாது. குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைபொருள் இருப்பது ஏற்கத்தக்கது என்பது இந்தியத் தரநிலை. மும்பையின் ஏரி நீர் அதற்கு வெகு கீழே நிற்கிறது. 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. பயன்பாட்டைத் தடுக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் உத்தரவிட்டதும் இதனால்தான். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் குடிநீருக்குப் பெரும்பாலும் அதைவிட அதிகமான நீரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. ஓடும் ஆற்றில் உளூச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்று பயானில் கேட்டுவிட்டு வந்து, நல்ல தண்ணீரையே குழாய் வழியாகக் கழித்து ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

இங்கே நம் ஃபிக்ஹின் அளவுகோலையும் சற்றுப் பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீரில் உளூக் கூடுமா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். கூடும். கடல் நீரைப் பற்றிக் கேட்கப்பட்டபோதே நபி (ஸல்) அவர்கள் அது தூய்மைப்படுத்தக்கூடியது என்று தெளிவாக்கிவிட்டார்கள். நிறைந்த நீரில் அசுத்தம் விழுந்தால் நிறம், சுவை, வாடை ஆகிய மூன்றையும் பார்த்து நம் இமாம்கள் சட்டம் சொன்னார்கள். அது உளூவுக்கும் குளிப்புக்கும் உரிய தீர்ப்பு. குடிக்கலாமா என்ற மருத்துவக் கேள்விக்கு அந்த மூன்றும் போதாது. கடின நீர் நாக்கில் கரிக்கும், ஆனால் அதனால் நோய் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் வைக்கவில்லை. டைஃபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகளோ நிறமில்லாமல், சுவையில்லாமல், வாடையில்லாமல் வரும். மீட்டரிலும் அவை தெரியாது.

மும்பையின் நோய் அங்கேதான் இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நல்ல நீர் புறப்படுகிறது. ஆனால் பெரும்பாலான பகுதிகளுக்கு ஒரு நாளில் சில மணி நேரம்தான் விநியோகம். மற்ற நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. பழைய குழாயின் விரிசல் வழியாக, பக்கத்தில் ஓடும் சாக்கடை நீர் உள்ளே நுழைய அந்த நேரம் போதும். முறை வரும்போது வீட்டுக்கு வீடு மோட்டார் வைத்து உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். கசிவிலும் திருட்டிலும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீர் போகிறது என்ற கணக்கும் மாநகராட்சித் தரப்பிலிருந்தே வந்ததுதான். நீர் வெளியேறும் ஓட்டை வழியாகத்தான் அழுக்கும் உள்ளே வரும்.

இந்தச் சுமை எல்லார் தலையிலும் ஒரே அளவில் இறங்குவதில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடப் போன நம் முன்னோர்கள் கால் ஊன்றிய தாராவியிலும், கோவண்டி, மான்குர்த் பக்கத்துக் குடிசைப் பகுதிகளிலும் குழாய் சாக்கடைக்குள்ளேயே மூழ்கிக் கிடப்பதைக் காணலாம். 2000க்குப் பிறகு எழுந்த குடிசைகளுக்கு இணைப்பே கிடையாது என்ற நிலையைத் தண்ணீர் உரிமைக்கான பாணி ஹக் சமிதி நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது. தண்ணீர் பெறுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கும் உயிர்வாழும் உரிமை, அனுமதியற்ற குடியிருப்பு என்பதற்காக அதை முற்றிலும் மறுக்க முடியாது என்று 2014 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் கூறியது. எல்லாருக்கும் தண்ணீர் என்ற கொள்கையை மாநகராட்சி அறிவிக்க 2022 ஆகிவிட்டது. கொள்கை அறிவிப்பு வேறு, குடத்தில் விழும் தண்ணீர் வேறு.

உப்பும் கடினமும் மும்பையில் அறவே இல்லை என்று சொல்லவில்லை. லாரித் தண்ணீரில் உண்டு. அது கிணறுகளிலிருந்தும் போர்வெல்களிலிருந்தும் எடுக்கப்படுவது. கடலோரத்தில் கிணறு உவர்ப்பது இயல்புதான். 2025 ஏப்ரலில் நிலத்தடி நீர் அனுமதி தொடர்பான நோட்டீஸ்களை எதிர்த்து லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, எத்தனை அடுக்குமாடிகள் இந்த நீரை நம்பி இருக்கின்றன என்பது வெளிப்பட்டது. தொட்டியில் லாரித் தண்ணீர் கலக்கும் வீட்டில் மீட்டர் வைத்துப் பாருங்கள், 500ஐத் தாண்டினால் ஆர்.ஓ. வாங்குவதில் அர்த்தம் உண்டு.

ஏரித் தண்ணீர் மட்டும் வரும் வீட்டுக்குக் கொதிக்க வைத்து ஆற்றிய நீரே போதும். வசதி உள்ளவர்கள் புற ஊதாக் கதிர் இயந்திரம் வைக்கலாம், அது கிருமியைக் கொல்லும், தண்ணீரைக் கழிக்காது. முறை தொடங்கியதும் வரும் முதல் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காமல் கழுவப் பயன்படுத்துங்கள். மேல்தொட்டியைக் கழுவி எத்தனை மாதம் ஆயிற்று என்று சொசைட்டிக் கூட்டத்தில் கேளுங்கள்.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு விண்ணப்பம். ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு விட்டுக்கொடுத்த உஸ்மான் (ரலி) அவர்களின் வழியில் பள்ளிவாசல் வாசல்தோறும் குடிநீர் இயந்திரம் வைக்கிறோம். அதில் கொஞ்சப் பணத்தை எடுத்து, எஞ்சிய குளோரின் இருக்கிறதா என்று காட்டும் சிறு சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி வையுங்கள். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். தண்ணீர் முறை வரும் நாட்களில் மஹல்லாவின் நான்கு தெருக் குழாய்களில் இளைஞர்கள் சோதித்துத் தேதியோடு எழுதட்டும். குளோரின் குறைந்த தெருவில் குழாய் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தாளோடு வார்டு அலுவலகத்துக்குப் போங்கள், மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே.