வாயடைப்பது வழிகாட்டலாகாது

சமூக ஊடகங்களில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என அரச உத்தியோகத்தர்களுக்குக் கூறப்படும் அறிவுரைகளுக்குக் குறைவில்லை. அவற்றின் பயனை எதனைக் கொண்டு மதிப்பிடுவது என்பதே கேள்வியாகும்.

சமூக ஊடகங்களில் கருத்து வெளியிடும் உத்தியோகத்தர்கள் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உள்ளாக நேரிடும் என 2022 செப்டெம்பரில் பொது நிர்வாக அமைச்சின் சுற்றறிக்கை எச்சரித்தது. பாடசாலைகளில் மாணவர்கள் உணவின்றி மயங்கி வீழ்வதாக ஆசிரியர்களும் சுகாதார அதிகாரிகளும் கூறியதை அடுத்தே அது வெளியானது.

நோயாளியின் படத்தையோ மாணவரின் விபரத்தையோ முகநூலில் இடலாகாது என்பது நியாயமானது. அதனால் பாதுகாக்கப்படுபவர் பொதுமகன். பசியைப் பற்றிப் பேசாதே என்பதனால் பாதுகாக்கப்படுபவர் யார்?

ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தரான ரம்ஸி ராஸிக், முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புப் பிரசாரத்தைப் பேனாவாலும் விசைப்பலகையாலும் எதிர்கொள்ளுமாறு முகநூலில் எழுதினார். அதற்காக 2020 ஏப்ரலில் கைதாகி, ஐந்து மாதங்களுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. இவ்வனுபவத்தின் பின்னர், "ஒன்றும் எழுதாதே" எனப் பிள்ளைகளை எச்சரிக்கும் பெற்றோரைக் குறைகூற இயலாது. அதனையே அரசு கூறும்போது அது அறிவுரையன்று, அச்சுறுத்தலாகும்.

எது தடை, ஏன் தடை, எதற்கு அனுமதி, எங்கு முறையிடலாம் ஆகிய நான்கையும் தெளிவுறக் கூறுவதே பயனுள்ள வழிகாட்டலாகும். அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை வழங்கும் கருத்துச் சுதந்திரம், நியமனக் கடிதம் பெறும் நாளில் திருப்பிக் கையளிக்கப்பட வேண்டியதொன்றன்று.