ஊர் உலா: கூடை என்னும் குன்று

பிரான்சு நாட்டின் தென்கரையிலுள்ள மார்ஸேல்ஸ் நகருக்குச் செல்வோர் முதலில் காண விரும்புவது அதன் பழைய துறைமுகத்தையே. மூன்று புறமும் நகரம் சூழ, மேற்கே மத்தியதரைக் கடலை நோக்கி வாய் திறந்திருக்கும் நீர்ப்பரப்பு அது. அதன் வடகரையில் நின்று நிமிர்ந்து நோக்கினால், வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் ஒரு குன்று தெரியும். லெ பானியே என்பது அதன் பெயர். 'கூடை' என்பது அதன் பொருள். முன்னாளில் அங்கிருந்த சத்திரம் ஒன்றின் பெயரே குன்றுக்கும் ஆயிற்று என்பர். இம்மாத உலாவில் அன்பர்களை அக்குன்றுக்கு அழைத்துச் செல்கிறேன்.

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பை நாடி வந்த நம்மைப் போன்றோர் அக்குன்றைக் காண்பதில் ஒரு தனிப் பொருத்தம் உண்டு. அது தொடக்கம் முதலே வந்தேறியவர்களின் ஊர். கி.மு. 600ஆம் ஆண்டளவில், இன்றைய துருக்கிக் கரையிலிருந்த போக்கேயா என்னும் கிரேக்கப் பட்டினத்து வணிகர்கள் இங்கு வந்து இறங்கினர். அன்று அந்நாட்டுத் தலைவன் தன் மகள் கிப்டிஸுக்கு மணமகனைத் தேர்ந்துகொண்டிருந்தானாம். நம் சுயம்வர மண்டபத்தில் மாலை இடுவதைப் போல, அவர்கள் வழக்கப்படி அவள் விரும்பியவன் கையில் கிண்ணத்தைக் கொடுக்க வேண்டும். அவள் அதை நீட்டியது, அன்று விருந்தினனாக வந்திருந்த கிரேக்கன் புரோட்டிஸிடம். இது பழங்கதையே, எனினும் தன் பிறப்பைப் பற்றி ஒரு நகரம் இவ்வாறு சொல்லிக்கொள்வது சிந்திக்கத் தக்கது.

கிரேக்கருக்குப் பின்னும் வருகை நிற்கவில்லை. இத்தாலியர் வந்தனர், கோர்சிகத் தீவினர் வந்தனர், பின்னர் வட ஆப்பிரிக்கரும் கொமோரோத் தீவினரும் வந்தனர். கப்பல்துறை அருகில் இருந்தது. வாடகை மலிவாக இருந்தது. வேறென்ன வேண்டும்?

நகர மண்டபத்தின் பின்புறமாக மேலேறி, அக்கூல் மணிக்கோபுரத்தை அடைந்தால் அங்கிருந்து படிகள் தொடங்கும். கோபுரத்துக்குரிய பழைய தேவாலயம் 1794இல், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், இடிக்கப்பட்டது. கோபுரம் மட்டும் எஞ்சிற்று. படியேறியதும் சந்துகள். பல சந்துகளில் வண்டி நுழையாது. சாளரங்களுக்கு வெளியே துணிகள் உலர்கின்றன. சற்று மேலே ஓர் அமைதியான சதுக்கம். ஒரு காலத்தில் காற்றாலைகள் சுழன்ற இடம் அது. 'ஆலைச் சதுக்கம்' என்ற பெயரில் அந்நினைவு நிலைத்திருக்கிறது.

குன்றின் தலைசிறந்த கட்டடம் 'வியெய் ஷாரித்தே', அதாவது பழைய தரும விடுதி. இக்குன்றிலேயே 1620இல் பிறந்த சிற்பி பியேர் புஜே வகுத்த திட்டப்படி, 1671இல் தொடங்கி 1749இல் முடிந்தது. நடுவே முற்றம், முற்றத்தின் நடுவே நீள்வட்டக் கவிகையுடைய சிற்றாலயம், நாற்புறமும் மூன்று அடுக்குகளாக வளைவுத் தாழ்வாரங்கள். இளஞ்சிவப்புக் கல்லில் மாலை வெயில் படும்போது காண்பவர் பேச்சற்று நிற்பர். ஆயினும் அதன் நோக்கம் அழகன்று. தெருவில் திரிந்த ஏழைகளையும் இரவலர்களையும் பிடித்து அடைத்துவைப்பதற்காகவே அதைக் கட்டினர். வெளிச்சுவர்களைச் சுற்றி வந்து பாருங்கள். தெருவை நோக்கிச் சாளரங்கள் இல்லை. உள்ளே இருந்தவர்களுக்கு ஊர் தெரியக் கூடாது. ஊராருக்கு அவர்கள் தெரியக் கூடாது!

இருபதாம் நூற்றாண்டில் அது பாழடைந்து, வீடற்ற குடும்பங்களின் புகலிடமாயிற்று. கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே போன்றோர் அதன் அருமையை எடுத்துரைத்தனர். 1951இல் அது பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று. 1986 வரை திருப்பணி நடந்தது. இன்று அங்கே தொல்பொருள் காட்சிசாலையும், ஆப்பிரிக்க, பசிபிக், அமெரிக்கத் தொல்குடிகளின் கலைக்கூடமும் இருக்கின்றன.

இனித் துறைமுகத்தை நோக்கி இறங்குவோம். பாதி வழியில் சந்துகள் திடீரென்று மறைந்து, ஒரே மாதிரியான அடுக்குமாடிகள் எதிர்ப்படும். அவ்வெல்லைக்கோடு ஒரு வடு. குன்றின் கீழ்ப்பகுதியை அழுக்கும் குற்றமும் நிறைந்த இடமென்று பலர் நெடுநாளாக ஏசி வந்தனர்; இடித்துவிட வேண்டும் என்ற பேச்சும் போருக்கு முன்பே இருந்தது. 1943 ஜனவரியில் ஜெர்மானியப் படை கட்டளையிட, பிரெஞ்சுப் போலீஸார் துணைநிற்க, சுமார் 20,000 பேர் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். நகரெங்கும் நடந்த அச்சோதனைகளில் 1,642 பேர் சிறைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 780 யூதர்கள் போலந்திலிருந்த சோபிபோர் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். பிப்ரவரியில் வெடி வைத்தனர். சுமார் 1,500 கட்டடங்கள் மண்ணாயின.

நகர மண்டபமும் வேறு சில மாளிகைகளும் தப்பின. அவற்றுள் 1535ஆம் ஆண்டைச் சேர்ந்த காப்ர் மாளிகை ஒரு விந்தை. புதிய தெருவின் போக்குக்கு இசையுமாறு 1954இல் அக்கல் வீட்டையே பெயர்த்து, 90 பாகை திருப்பி வைத்தனர். மாளிகைக்குச் செய்த இந்த மரியாதை, மீனவன் குடிலுக்குக் கிட்டவில்லை.

மேற்கே, பச்சையும் வெள்ளையுமான கல்வரிகளுடன் 1852க்கும் 1893க்கும் இடையில் எழுந்த பேராலயம் நிற்கிறது. அதன் மேடையிலிருந்து புதிய துறைமுகத்தைக் காணலாம். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பிரான்சுக்குக் கப்பலேறிய நம்மவர்க்கு இந்நகரத் துறைமுகம் வாயிலாக இருந்தது. லண்டனில் வ.வே.சு. ஐயரின் தோழராயிருந்த சாவர்க்கர், 1910 ஜூலை 8 அன்று கைதியாகச் சென்ற கப்பலிலிருந்து குதித்து நீந்திக் கரையேறிப் பிடிபட்டதும் இந்நகரத் துறைமுகத்திலேதான். அவரைத் திருப்பித் தர வேண்டுமா என்ற வழக்கு, ஹேக் நகரின் நடுவர் மன்றம் வரை சென்று, 1911இல் பிரிட்டனுக்குச் சாதகமாக முடிந்தது.

இன்று லெ பானியே பயணிகளால் நிறைந்திருக்கிறது. சவர்க்காரக் கடைகளும், ஆரஞ்சுப் பூ மணக்கும் படகு வடிவ பிஸ்கோத்துக் கடைகளும், சுவரோவியங்களும் அவர்களை ஈர்க்கின்றன. ஒரு காலத்தில் இகழப்பட்ட சந்துகளை இப்போது உலகமே வந்து படம் பிடிக்கிறது. மகிழ வேண்டியதே. ஆனால் வீடுகள் பயணிகளின் சிலநாள் தங்குமிடங்களாக மாறுவதால் வாடகை ஏறுகிறது. பழங்குடிகள் தங்குவது அரிதாகிறது. வெடிமருந்து செய்ததைப் பணமும் ஓசையின்றிச் செய்ய வல்லது.

ஆகவே அங்குச் செல்லும் அன்பர்கள் மெல்லப் பேசுங்கள். திறந்த கதவுக்குள் படம் பிடியாதீர்கள். உலரும் துணிக்கு உரியவள் மேலே இருக்கிறாள் என்பதை மறவாதீர்கள். நாம் குடியேறிய ஊர்களிலும், 'அது மோசமான இடம்' என்று யாரேனும் ஒரு சேரியைச் சுட்டும்போது, உடனே தலையசைக்க வேண்டாம். ஓர் இடத்தை இடிப்பதற்கு முன் முதலில் கெடுப்பது அதன் பெயரைத்தான். அந்தப் பேச்சுக்குத் துணைபோகாதிருப்பது நம் எல்லோராலும் இயலும்.