கணினிக்கு முன்னே ஒரு கோட்டுப்படம்

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினி மயமாக்க மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ரூ. 2,516 கோடித் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களும் இவ்வழியை நாடாமல் இருக்க இயலாது. இது வரவேற்கத் தக்கதே. ஆயினும், எந்த வேலை எதற்குப் பின் நடக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்று அங்கத்தினர்கள் கேட்கவேண்டிய தருணம் இது.

மென்பொருள் எழுதுமுன் 'செயல்பாட்டு வரைபடம்' ஒன்று வரைவதுண்டு. வேலையின் போக்கைப் படமாக்கும் எண்ணம் புதிதன்று. 1921-லேயே கில்பிரெத் தம்பதியர் அமெரிக்கப் பொறியாளர்கள் முன் அதனை எடுத்துரைத்தனர். இன்றைய குறியீடுகள் 1997-ல் ஏற்கப்பட்ட யு.எம்.எல். முறையைச் சேர்ந்தவை. கரும்புள்ளி தொடக்கம், முனை மழுங்கிய கட்டம் ஒரு செயல், சாய்சதுரம் வழி பிரியும் கேள்வி, தடித்த கோடு பல வேலைகள் ஒருங்கே பிரியும் அல்லது கூடும் இடம். நெசவாளர், தர ஆய்வாளர், காசாளர் என்று ஆளுக்கொரு பத்தி பிரித்துவிட்டால், வேலை எவர் கையில் நிற்கிறது என்பது புலப்படும். பாவும் ஊடையும் அறிந்தவர்களுக்கு இது கடினமாகுமா?

நெய்த சேலை சங்கத்திற்கு வருவதை எடுத்துக்கொள்வோம். 'குறையுண்டா?' என்பது சாய்சதுரம். இல்லையெனில் இருப்பில் வரவு, பின் கூலி. உண்டெனில்? திருத்தத் திருப்புவதா, கூலியில் பிடிப்பதா, மறு ஆய்வு கேட்கலாமா? இவ்வழியை வரையாது விட்டால், சேலை அலுவலகத்தில் கிடக்கும். கூலி கணக்கில் ஏறாது. "கணினி ஏற்கவில்லை" என்பார் குமாஸ்தா. பேரேட்டுக் காலத்தில் ஓரத்தில் ஒரு குறிப்பெழுதிச் சமாளித்தார். கணினிக்கு அந்த ஓரம் இல்லை.

தடித்த கோட்டில் இன்னும் எச்சரிக்கை தேவை. அங்கு கூடும் கோடுகள் அனைத்தும் வந்து சேர்ந்த பிறகே அடுத்த வேலை தொடங்கும். 'ஆய்வு முடிந்தது', 'விற்பனைத் தொகை வந்தது' ஆகிய இரண்டையும் கூலிக்கு முன் அதில் சேர்த்துவிட்டால், சேலை விற்கும்வரை நெசவாளர் வீட்டு அடுப்பு காத்திருக்கும். பருத்தியோ நெல்லோ எடைபோட்டுக் கொடுத்த விவசாயிக்கும் இதே கதிதான். எப்பொழுது பணம் தருவது என்பது சங்கத்தின் கொள்கை. அதனை வரைபவரின் பென்சில் முடிவு செய்யலாகாது.

ஆகவே, இப்படம் நிர்வாகக் குழுவின் மேஜையோடு நின்றுவிடாமல், மகாசபையின் முன் சுவரில் ஒட்டப்படவேண்டும். தாளில் திருத்த அழிப்பான் போதும்; மென்பொருள் முடிந்தபின் திருத்தப் பணம் வேண்டும். கட்டங்களில் உள்ளவற்றைத் தமிழில் எழுதித் தரவேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடலாம்.