கறிக்கோழி: சோதித்தவர் யார்?

'ஆன்டிபயாட்டிக் இல்லாத கோழி', 'ஹார்மோன் இல்லாத கறி' என்று அச்சிட்ட பொட்டலங்கள் நகரத்துக் கடைகளில் பெருகிவிட்டன. சாதாரணக் கறியைவிட விலை கூடுதல். பிள்ளைகள் சாப்பிடுவதாயிற்றே என்று பெற்றோரும் வாங்கிப் போகிறார்கள். அச்சிட்டது உண்மைதானா என்று சோதித்தவர் யார்? கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

ஹார்மோன் பேச்சை முதலில் ஒதுக்கிவிடலாம். சுமார் 40 நாளில் கோழி 2 கிலோ எடைக்கு வருவது, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இனத்தாலும் சத்து மிகுந்த தீவனத்தாலும். ஆயிரக்கணக்கான குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடுவது எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. கோழிக்கு 'ஹார்மோன் இல்லை' என்று விளம்பரம் செய்வது, இல்லாததை இல்லை என்று சொல்லிக் காசு பார்க்கும் வேலை.

அஞ்ச வேண்டியது ஆன்டிபயாட்டிக்குக்கு. நோய் கண்ட கோழிக்கு மருந்து கொடுப்பதில் தவறில்லை. நோயே இல்லாதபோது, எடை கூடட்டும் என்றும் நெருக்கடியான கொட்டகையில் எதுவும் பரவாதிருக்கட்டும் என்றும் தீவனத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதுதான் வினை. அந்த அளவுக்குச் சாகாமல் தப்பும் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகப் பெருகுகின்றன. வயலுக்குப் போகும் கோழி எரு வழியாகவும், பச்சைக்கறி பட்ட கை வழியாகவும் நம்மிடம் வந்து சேர்கின்றன. குழம்பில் கொதித்த கிருமி சாகும். வெட்டுக்கட்டையில் ஒட்டியது சாகாது. 2014இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அந்த வட்டாரத்தில் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தபோது 40 சதவீதத்தில் மருந்து எச்சம் இருந்தது. வேறெந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாக ஏற்றும் கொலிஸ்டினைக்கூட இந்த நாட்டில் கோழித்தீவனத்தில் கலந்துவந்தார்கள். மத்திய அரசு அதைத் தடைசெய்தது 2019 ஜூலையில்தான். எடைக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006லேயே முற்றாக நிறுத்திவிட்டது.

பண்ணையாளர்மீது மட்டும் பழிபோடுவது நியாயமாகாது. பல்லடம் பக்கம் ஒப்பந்தத்துக்குக் கோழி வளர்ப்பவருக்குக் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாமே நிறுவனத்திலிருந்து வருகின்றன. அவருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி. தீவன மூட்டைக்குள் என்ன கலந்திருக்கிறது என்று அவருக்கே தெரியாதிருக்கலாம். கடைசியாக மருந்து கொடுத்த நாளுக்கும் கோழியை லாரியில் ஏற்றும் நாளுக்கும் நடுவே, மருந்துக்கு ஏற்றபடி சில நாட்கள் விட வேண்டும். தோலுடன் என்ன விலை, தோலுரித்து என்ன விலை என்று கறிக்கடைப் பலகையில் தினமும் எழுதுகிறார்கள். அந்த இடைவெளி விடப்பட்டதா என்பதற்கு வாடிக்கையாளர் கையில் ஒரு துண்டுச்சீட்டு உண்டா?

லாரியோடு மருந்துப் பதிவும் வர வேண்டும் என்று அரசு விதிக்கட்டும். உணவுப் பாதுகாப்புத் துறை கடைகளில் மாதிரி எடுத்து, முடிவுகளை நிறுவனத்தின் பெயரோடு மாதந்தோறும் வெளியிடட்டும். வாசகர்களும் இயற்கை முறைக் கறி என்று பொட்டலம் விற்பவரிடம் இயற்கை முறை உணவுக்கான 'ஜைவிக் பாரத்' முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவருக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.