சோறு இருக்கு... இலை இல்லை!

நாளைக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. டிபார்ட்மென்ட் லினக்ஸ் சர்வர்ல உங்க வெப்சைட்டை ஏத்தி வச்சிருக்கீங்க. திடீர்னு 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'னு ஒரு எர்ரர். டேட்டாபேஸ் எதையும் எழுத மாட்டேங்குது. கை பரபரக்கும், கண்ணுல பட்ட ஃபோல்டரை எல்லாம் அழிக்கத் தோணும். ஸ்டாப்! அது யாரோ ஒரு ஜூனியரோட ஆறு மாச உழைப்பா இருக்கலாம். 'ஆர்எம்' அடிச்சா அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது பாஸ், ஒரேயடியா போயிடும்.

இந்த ஒரே எர்ரருக்கு மூணு காரணம் உண்டு. எதுன்னு கண்டுபிடிச்சிட்டுக் கை வைங்க.

முதல் காரணம், நிஜமாவே இடம் இல்லை. 'டிஎஃப் மைனஸ் ஹெச்' அடிச்சா 100 சதவீதம்னு காட்டும். எந்த ஃபோல்டர் குண்டாகியிருக்குன்னு 'டியூ மைனஸ் எஸ்ஹெச்' சொல்லிடும். பெரும்பாலும் லாக் ஃபைல்தான் குற்றவாளி. இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம், வழக்கமா 5 சதவீத இடத்தை ரூட் யூசருக்குன்னு ஒதுக்கி வச்சிடும். ரயில்ல எமர்ஜென்சி கோட்டா மாதிரி! அதனாலதான் நமக்கு இடமில்லாதப்பவும் அட்மினால உள்ளே வந்து சரிபண்ண முடியுது.

ரெண்டாவதுதான் ஆளைக் குழப்பும். 'டிஎஃப்' பாதி டிஸ்க் காலின்னு சொல்லும், ஆனா ஒரு ஃபைல்கூட உருவாகாது. கல்யாணப் பந்தியில சோறு இருக்கு, இலை தீர்ந்துபோச்சுன்னு வைங்க. அந்த இலைதான் ஐநோட். கொஞ்சமா சாப்பிட்டாலும் ஆளுக்கு ஒரு இலை வேணுமில்ல? அப்படித்தான் ஃபைல் எவ்வளவு குட்டியா இருந்தாலும் அதுக்கு ஒரு ஐநோட். இஎக்ஸ்டி4-ல சாதாரணமா 16 கேபி இடத்துக்கு ஒண்ணுங்கிற கணக்குல, ஃபார்மேட் பண்ணும்போதே எண்ணிக்கை முடிவாயிடும். 20 ஜிபி பார்ட்டிஷன்ல சுமார் 13 லட்சம். ஒரு கேபி ஃபைலா 13 லட்சம் சேர்ந்தா, அது பிடிக்கிற இடம் ஏறக்குறைய 5 ஜிபிதான், ஆனா கதை முடிஞ்சது! பழைய பிஹெச்பி செஷன் ஃபைல், ஆளாளுக்கு இறக்கி வச்ச 'நோட் மாட்யூல்ஸ்' ஃபோல்டர் எல்லாம் இந்த வேலையைச் செய்யும். 'டிஎஃப் மைனஸ் ஐ' அடிச்சா குட்டு உடையும். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம்ல இந்தத் தொல்லை குறைவு. அது தேவைக்கேத்த மாதிரி அப்பப்ப இலை அறுத்துக்கும்.

மூணாவது, அழிச்சும் இடம் திரும்பாதது. 8 ஜிபி லாகை அழிச்சிட்டீங்க, 'டிஎஃப்' அசையவே இல்லை. ஏன்? வெப் சர்வர் அந்த ஃபைலை இன்னும் திறந்தே வச்சிருக்கு. சாப்பிடுறவர் எழுந்திரிக்காம இலையை எடுக்க முடியுமா? 'எல்எஸ்ஓஎஃப் ப்ளஸ் எல்1' அடிச்சா யார் உட்கார்ந்திருக்காங்கன்னு தெரியும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணினா இடம் வந்துடும். அடுத்த தடவை, ஓடிட்டிருக்கிற லாகை அழிக்காதீங்க. 'ட்ரன்கேட் மைனஸ் எஸ் 0' கொடுத்துக் காலி மட்டும் பண்ணுங்க.

வருமுன் காக்கணுமா? லாக்ரொட்டேட் போடுங்க. அட்மின் அண்ணாகிட்ட யூசருக்கு ஒரு கோட்டா வைக்கச் சொல்லுங்க. அதுல இடத்துக்கும் அளவு வைக்கலாம், ஃபைல் எண்ணிக்கைக்கும் வைக்கலாம். ஒருத்தரோட குப்பை ஒரு கிளாஸையே முடக்காம இருக்கும்.

வாரத்துக்கு ஒரு தடவை சோறு, இலை ரெண்டையும் எண்ணிப் பாருங்க. வர்ட்டா!