சித்தாளுக்கு மேலே ஏன் ஏணி இல்லை? கொங்குக் கட்டுமானத் துறையில் சாதி

பொழுது விடிந்ததும் பொள்ளாச்சியின் சாலையோரங்களில் கட்டடத் தொழிலாளர்கள் தூக்குச்சட்டியுடன் வந்து நிற்கின்றனர். மேஸ்திரி வந்து ஆள் எடுக்கிறார். இன்று என்ன வேலை, என்ன கூலி, நாளையும் அழைப்பு உண்டா என்பவை அனைத்தும் அவர் சொல்லில் அடங்கியவை. விளம்பரமோ தேர்வோ நியமன ஆணையோ இல்லாத இத்தொழிலில் வேலை அறிமுகத்தின் வழியே கிடைக்கிறது. கொங்கு வட்டாரத்தில் அறிமுகம் என்பது பெரும்பாலும் ஊர், உறவு, சாதி என்பவற்றின் மறுபெயர்.

பெருநிறுவனங்கள் இன்று பணியிடப் பன்முகத்தன்மை குறித்துப் பேசுகின்றன. பெண் பொறியாளர்கள் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று கணக்கு காட்டுகின்றன. அந்தக் கணக்கில் சாதிக்கு இடமில்லை. கணக்கில் வராத சாதி, கட்டடத்தின் ஒவ்வொரு படியிலும் அமர்ந்திருக்கிறது.

கட்டடப் பணியில் சித்தாள், கொத்தனார், மேஸ்திரி, ஒப்பந்தக்காரர் என ஒரு படிவரிசை உண்டு. கரணை பிடிப்பதையும் தூக்குக்குண்டு பார்ப்பதையும் கல்லூரியில் எவரும் கற்பதில்லை. அருகில் நின்று, ஒருவர் கற்றுக்கொடுக்கக் கற்கின்றனர். கற்றுக்கொடுப்பவர் தம் உறவினரையே முதலில் அருகில் நிறுத்துகிறார். எஞ்சியோர் மண்ணும் கல்லும் சுமக்கின்றனர். மலக்குழித் தொட்டியில் இறங்கும் வேலை என்றால் மட்டும் அருந்ததியரைத் தேடி ஆள் வருகிறது. பெண்களின் நிலை இன்னும் கீழானது. முப்பது ஆண்டுகள் பாண்டுச்சட்டி சுமந்தும் கரணையைத் தொடாமலே முதுமை எய்தும் தலித் பெண்கள் ஏராளம்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. மின்மோட்டார் வருவதற்கு முன் கொங்கு நிலங்களுக்குக் கவலையே நீர் இறைத்தது. அதற்குத் தோல் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். அவர்கள் உழைப்பில் நிலம் விளைந்தது. நிலம் அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. பண்ணையத்திலிருந்து கட்டடத்துக்கு வந்தபோதும் அந்த நிலமின்மை உடன் வந்தது.

ஒப்பந்தப் படியில் அது வெளிப்படையாகத் தெரியும். அரசுப் பணி எடுக்க ஒப்பந்தக்காரராகப் பதிவு செய்ய வேண்டும். பதிவுக்குச் சொத்து மதிப்புச் சான்று தேவை. ஒப்பந்தப்புள்ளிக்கு முன்வைப்புத் தொகை தேவை. முடித்த பணிக்கான பட்டியல் தொகை வரும்வரை கூலி கொடுக்கக் கையில் பணம் தேவை. நிலமற்ற ஒருவர், எவ்வளவு தேர்ந்த கொத்தனாராயினும், முதல் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார். சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதியின் வேலையை இந்த விதி செய்துவிடுகிறது.

சட்டம் என்ன செய்கிறது? 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு பாலின அடிப்படையிலான பாகுபாட்டை மட்டுமே தடை செய்கிறது. சாதியைப் பற்றி அதில் சொல் இல்லை. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரால் எந்த வேலையிலிருந்தும் ஒருவரை விலக்குவதைக் குற்றமாக்குகிறது. ஆயினும் சாலையோரத்தில் அழைக்கப்படாமல் விடப்பட்டவர் எதைச் சான்றாகக் காட்டுவார்? தனிக் குவளையைப் புகைப்படம் எடுக்கலாம். வராத அழைப்பைப் புகைப்படம் எடுக்க முடியாது.

ஆகவே தீர்வு, வேலையும் பணமும் பங்கிடப்படும் இடத்தில் தொடங்க வேண்டும். கர்நாடகம் 2017இல் இதற்குச் சட்டம் இயற்றியது. 50 இலட்சம் ரூபாய் வரையிலான அரசுக் கட்டுமானப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 17.15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 6.95 விழுக்காடும் ஒதுக்கியது. அந்த வரம்பு பின்னர் ஒரு கோடியாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இயற்றப்பட்டபோது அத்தகைய ஒதுக்கீடு எதுவும் அதில் இல்லை. 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு முதலீட்டு மானியம் தருகிறது. மானியத்தில் கலவை இயந்திரம் வாங்கலாம். பணி ஆணை இல்லையெனில் அது வாசலில் துருப்பிடிக்கும்.

ஒதுக்கீடு வந்தால் தரம் குறையும் என்பர். அணையையும் பாலத்தையும் இதுவரை தம் கைகளால் எழுப்பியவர்களிடம் தரம் பற்றிப் பேசுவது நகைப்புக்குரியது. பினாமிகள் நுழைவர் என்பது மட்டும் கருதத்தக்க அச்சம். அதற்கு மருந்து கண்காணிப்பேயன்றி உரிமை மறுப்பன்று.

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. சிறு கட்டுமானப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு வேண்டும். கல்வியிலும் வேலையிலும் 2009 முதல் உள்ள 3 விழுக்காடு அருந்ததியர் உள் ஒதுக்கீட்டைப் போன்ற ஏற்பாடு அதிலும் வேண்டும். இல்லையேல் கொங்கின் அடித்தட்டுக்குப் பயன் சேராது. சொத்துச் சான்றுக்கு மாற்றாக அரசே பிணை நிற்க வேண்டும். கட்டுமானச் செலவில் குறைந்தது 1 விழுக்காடாகத் திரட்டப்படும் நலவரியிலிருந்து, சித்தாள்களைக் கொத்தனார்களாக்கும் பயிற்சியைக் கூலியுடன் அளிக்க வேண்டும். எந்தச் சமூகத்தவர் எந்தப் படியில் நிற்கின்றனர் என்பதை நலவாரியம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இதன் தொடக்கம் தாட்கோவாக இருக்கட்டும். ஆதிதிராவிடர்க்கு வீடு கட்டித் தர 1974இல் உருவான நிறுவனம் அது. அது எழுப்பும் கட்டடங்களிலாவது தலித் சுமப்பவராக மட்டுமின்றி ஒப்பந்தத்தில் கையொப்பமிடுபவராகவும் இருக்க வேண்டும்.