வீட்டு டெலிபோனுக்கு ஒப்பாரி எதற்கு?

வீட்டுக் கூடத்தில் இருந்த டெலிபோன் ஒழிந்து, ஆளுக்கொரு செல்போன் வந்துவிட்டதைப் பற்றிச் சில கனவான்கள் மிகவும் விசனப்படுகின்றார்கள். வீட்டுக்கு ஒரு போன் இருந்த காலத்தில் குடும்பத்தில் ஒற்றுமையும் அடக்கமும் இருந்தனவாம். இப்போது எல்லாம் கெட்டுப்போய்விட்டதாம். இதில் ஏதாவது நியாயம் இருக்கின்றதா என்று சற்று யோசிப்போம்.

முதலாவது, வீட்டுக்கு ஒரு போன் என்பதே பொய். எந்த வீட்டுக்கு என்று கேட்கின்றோம். 1882-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை பட்டணங்களில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சு திறக்கப்பட்டது. அதற்கு நூறு வருஷம் கழித்தும், போனுக்கு மனுச் செய்தவன் வருஷக் கணக்கில் காத்திருந்தான். கம்பி டெலிபோன் உச்சத்தில் இருந்த 2005-ஆம் வருஷ வாக்கில்கூட, 100 கோடிக்கு மேற்பட்ட ஜனங்களுள்ள இந்நாட்டில், ஆபீசுகளையும் சேர்த்து அது சுமார் 5 கோடிதான். மற்றவர்கள் தபாலாபீசிலும், எஸ்.டி.டி. பூத்திலும், போன் உள்ள வீட்டு வாசலிலும் போய் நின்றார்கள். அப்படி நின்றவனை உள்ளே விடுவதா, திண்ணையோடு நிறுத்துவதா என்பதை அவன் அவசரமா தீர்மானித்தது? பல ஊர்களில் அவன் ஜாதியல்லவா தீர்மானித்தது?

செல்போனும் ஏழைக்கென்று பிறந்துவிடவில்லை. 31-7-1995-இல் கல்கத்தாவிலிருந்து முதல்மந்திரி ஜோதிபாசு டில்லியிலிருந்த மந்திரி சுக்ராமோடு பேசியபோது அது பணக்காரர் சாமானாகவே இருந்தது. நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே காசு கொடுக்க வேண்டும். அக்கட்டணம் 2003-இல் ஒழிந்தது. 2004-இல் செல்போன் தொகை கம்பிப் போனைத் தாண்டிவிட்டது. 2020-இல் கம்பிப் போன் சுமார் 2 கோடியாகச் சுருங்கிற்று. பிறகு கம்பி இணைப்புகள் கூடியதும் பெரும்பாலும் இண்டர்நெட்டுக்காகவே. இன்று கொத்தனாரும் மீன் விற்கும் அம்மாளும் எவர் வாசலிலும் நில்லாமல் கூலியும் விலையும் பேசுகின்றார்கள். இதுவா கேடு?

நிற்க, அந்த 'அடக்கம்' யாருடைய அடக்கம்? டயலுக்கு ஒரு சிறு பூட்டு. சாவி வீட்டு எஜமானன் பையில். பெண்ணுக்கு வந்த அழைப்பு நாலு பேர் காதில் நுழைந்த பிறகே அவள் காதுக்குப் போகும். புருஷன் அடிக்கின்றான் என்று தாய்க்குச் சொல்ல வேண்டுமானால், அந்தப் புருஷன் உட்கார்ந்திருக்கும் கூடத்திலேயே நின்று சொல்ல வேண்டும். இதற்குப் பெயர்தான் குடும்ப ஒற்றுமையா?

செல்போன் வந்த பிறகு வைதிகர்கள் செய்த காரியத்தைப் பாருங்கள். பீகாரில் சுந்தர்பாரி என்ற கிராமத்தில் 2012-இல், விவாகமாகாத பெண் செல்போனில் பேசினால் ரூ.10,000 அபராதம் என்றார்கள். குஜராத்தில் சூரஜ் கிராமத்தில் 2016-இல் ரூ.2,100 என்றார்கள். 2019-இல் அதே மாகாணத்துப் பனாஸ்காந்தா ஜில்லாவில் தாக்கோர் சமூகத்தார் 12 கிராமங்களுக்கு இத்தடையை விதித்தார்கள். ஆண் பிள்ளைகளுக்கு ஏன் அபராதமில்லை? பெண் தன் இஷ்டப்படி பேசினால் தன் இஷ்டப்படி விவாகமும் செய்துகொள்வாள், ஜாதி கலந்துபோகும் என்ற பயமேயல்லாமல் வேறென்ன?

கம்பிப் போனுக்கு ஒரு நன்மை உண்டு. அதற்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்ததால், வீட்டில் விளக்கு அணைந்தாலும் பேசும். புயலடித்தால் செல்போன் டவர் ஓய்ந்துபோகின்றது. அதற்கு, டவர்களுக்குப் போதிய பாட்டரியும் எஞ்சினும் வைக்கச் சொல்லிக் கேட்பதே அறிவுடைமை. பழைய கூடத்துக்காக அழுவது அறிவுடைமையாகாது.

ஆனால் காரியம் முடிந்துவிடவில்லை. சர்க்காரின் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, தாமே உபயோகிக்கும் செல்போன் உள்ள பெண்கள் 2015-16-இல் 100-க்கு 46 பேர். 2019-21-இலும் 54 பேர்தான். மீதிப் பெண்களுக்கு இன்னும் கூடத்துப் போன் காலமே. மனைவியின் போனைத் தினமும் வாங்கிப் பரிசோதிக்கும் புருஷனும் பழைய டயல் பூட்டின் சாவியைப் பையில் வைத்திருப்பவனே ஆவான்.

ஆகவே தோழர்களே, ஒப்பாரியை அந்தக் கனவான்களுக்கே விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டுப் பெண்ணின் போன் அவள் பேரில், அவள் கையில், பிறர் சோதனையின்றி இருக்கின்றதா என்று இன்றைக்கே பாருங்கள்.